பொட்டு வைத்த டேப்

முதலில் அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பித்தளைச் சாவி, கம்ப்யூட்டர் லேப் கதவினுடையது. அதை என்னோடு பாடம் நடத்திய சார் பெல்ட்டில் ஒரு கொக்கி போட்டு மாட்டியிருப்பார். நடந்தால் இடுப்பில் கிணிங் கிணிங் என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டதுமே மாணவர்கள் சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொள்வார்கள். நான் வந்தால் எந்தப் பட்டனும் அசையாது. நேற்றுப் பாதியில் விட்ட ஜோக்கை முடிக்கச் சொல்வார்கள். நானும் முடிப்பேன். நன்றாகச் சிரித்துவிட்டு, புரோகிராமில் சந்தேகம் என்றால் அவரிடம் போய்விடுவார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் ஒரு தனியார் பாலிடெக்னிக். கம்ப்யூட்டர் பாடத்துக்கு நாங்கள் இரண்டே பேர். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே சம்பளம், இருவருக்குமே நாற்பது தாண்டியிருந்தது. தலைமுடி விஷயத்தில் மட்டும் அவர் என்னைவிட வசதியானவர். நான் கடத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் கசங்கி வந்து சேர்வேன். அவருக்கு வீடு தருமபுரி டவுனிலேயே. முஸ்லிம் குடும்பம், அண்ணன் தம்பிகள் சேர்ந்து தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். அவர் மட்டும் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். ஸ்கூட்டரில், இஸ்திரி கலையாமல் வருவார். கீபோர்டைப் பார்க்காமல் பத்து விரலாலும் டைப் அடிப்பார். நான் இரண்டு விரலால், கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி. முதல்வர் அவரை "நம்ம கம்ப்யூட்டர் சார்" என்பார். என்னை "நீங்களும் வாங்க" என்பார்.

ஒருமுறை கல்லூரி விருந்துக்கு என் மனைவியைக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த சார் எவ்வளவு நிதானமாகச் சாப்பிடுகிறார் பார்த்தீர்களா என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

லேபில் இருந்தது ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின். இடுப்பளவு உயரம். அதிலிருந்து வயர் போட்டு, திரையும் கீபோர்டுமாக எட்டு டெர்மினல்கள். கல்லூரியிலேயே ஏசி உள்ள அறை அதுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கதவருகே ஒரு நீள நோட்டு தொங்கும். மெஷினில் யார் என்ன மாற்றம் செய்தாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான். பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து, முத்து கோத்த மாதிரி. என் கையெழுத்து இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டுமே பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றியதற்காக.

அந்த வருடம் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். சி மொழியில் புது முறையில் எழுதிய புரோகிராம்களை மெஷினில் இருந்த கம்பைலர் ஏற்க மறுத்தது. நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதுதான் கம்பைலரின் வேலை; எங்களுடையது மெஷினோடு வந்த பழைய ஆசாமி. பெங்களூரில் கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார் (அவருக்கு மட்டும் எப்படி எல்லா ஊரிலும் சிநேகிதர்கள்?). காசு வாங்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஒரு புது கம்பைலரின் மூலத்தை அந்த சிநேகிதர் ஒரு டேப்பில் பிடித்து அனுப்பினார். மூலம் என்றால் ஆள் கிடையாது, ஆளைச் செய்கிற செய்முறை மட்டும்.

இப்போது லினக்ஸ் என்று ஒன்று வந்து, பையன்கள் முழு சிஸ்டத்தையே மூலத்திலிருந்து கட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது முதல் தடவை. புது கம்பைலரும் சி மொழியில்தான் எழுதியிருக்கும். அதை மாற்றித் தர ஒரு கம்பைலர் வேண்டும். அதனால் முதலில் பழையவர் புதியவரைச் செய்ய வேண்டும். பிறகு அந்தப் புதியவர், அதே மூலத்தை வைத்துத் தன்னையே இன்னொரு முறை செய்துகொள்ள வேண்டும். அப்படி வந்தவர் மூன்றாம் முறையும் செய்ய வேண்டும். கடைசி இரண்டு பேரும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருந்தால்தான் ஆளை நம்பலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் மெஷினுக்கு அரைநாள் பிடிக்கும்.

முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆயுத பூஜை லீவு முடிந்த மூன்றாம் நாள் பிராக்டிகல் தேர்வு, வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், அதற்குள் புது கம்பைலர் ஓட வேண்டும் என்றார். அதற்கப்புறம் சொன்னதுதான் முக்கியம். "இதை யார் முன்ன நின்னு முடிக்கறாங்களோ அவங்கதான் இனிமே லேப் இன்சார்ஜு. சாவி அவங்க கையில." சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்க்கவில்லை. என்னை. பக்கத்தில் நின்றவரோ குனிந்து சாவிக் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தார். போகப்போகிறதே என்று வருத்தப்படுகிறார் என எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

வெளியே வந்ததும் அவர், லீவு முடிந்து முதல் நாளே இருவருமாகச் சேர்ந்து உட்கார்ந்து ஏற்றிவிடலாம், அவசரம் இல்லை என்றார். சேர்ந்து உட்கார்ந்தால் யார் கீபோர்டில் இருப்பார், யார் பக்கத்தில் டீ வாங்கி வருவார் என்பது எனக்குத் தெரியாதா? தலையை மட்டும் ஆட்டினேன்.

லீவுக்கு முந்தின நாள் லேபில் பூஜை. காலையிலிருந்து ஒட்டடை அடித்து, தரை கழுவி, வயர்களைத் துடைத்து வைத்தோம். வருடா வருடம் பொரி கடலை அவர் செலவுதான். கேட்டால், நம்ம மெஷின்தானே என்பார். அதுகூட எனக்குப் பொறுக்காது. ஆனால் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. அந்த ஒரு விஷயத்தில் போட்டி கிடையாது. மெஷினுக்கு, எட்டு டெர்மினலுக்கு, பிரிண்டருக்கு, ஸ்டெபிலைசருக்கு என்று சந்தனத்தைக் குழைத்துக் குழைத்து வைத்தேன். கடைசியில் தட்டில் பேக்கப் டேப் இருந்தது. பழைய கம்பைலர் உள்பட மெஷினில் உள்ள எல்லாவற்றின் நகலும் அதில்தான்.

"டேப்புக்கு வேணாங்க சார்" என்றார் அவர்.

பொறாமை, என்று எனக்குத் தோன்றியது. நான் நாலு பேர் முன்னால் ஒரு வேலையை நன்றாகச் செய்வது இவருக்குப் பொறுக்கவில்லை. டேப்பின் இரண்டு பக்கமும் பெரிய பொட்டாக வைத்தேன். அதோடு விட்டேனா? டேப்பின் வாயில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து உள்ளேயும் ஒரு சிட்டிகை குங்குமம் வைத்து மூடினேன். அவர் பொரி பொட்டலம் கட்டப் போய்விட்டார்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் முழுக்கத் தொடக்கூடாது. அதற்கடுத்த நாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வூட்டில் அருவாமனையைக்கூடத் தொட மாட்டார்கள், முதல் நாளே காய் அரிந்து வைத்துவிடுவார்கள். எனக்கும் இது தெரியும். தெரிந்துதான், ஆயுத பூஜை அன்று காலை ஏழு மணிக்குக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, முதல்வர் அவசரமாக வரச் சொன்னார் என்று வீட்டில் பொய் சொல்லிக் கிளம்பினேன். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று, அந்த சாரும் வருகிறாரா என்று. இல்லை என்றேன். "அப்ப சாக்கிரதைங்க" என்றாள்.

லீவு நாட்களில் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். பூஜையில் வைத்த பழத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷினில் எறும்பு ஏறிவிடும் என்றேன்.

"பழத்தை நேத்தே நாந் தின்னுட்டேனுங்களே" என்றார்.

"தோலு?"

"தோலக் கொண்டுபோயி மாட்டுக்குப் போட்டாச்சுங்க."

பொரி சிதறியிருக்கும் என்றேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். முதல்முறையாக அது என் கையில். பெல்ட்டில் மாட்டிப் பார்த்தேன். வராந்தாவில் இரண்டு முறை நடந்தேன். கேட்பதற்கு ஆளில்லை என்றாலும் சத்தம் அதேதான்.

மெஷின் நெற்றியில் நான் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பெங்களூர் டேப்பை உள்ளே விட்டு மூலத்தை இறக்கினேன். கட்டளையைத் தட்டினேன். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. பழையவர் முக்கி முனகிப் புதியவரைச் செய்துகொண்டிருந்தார். நான் காலை நீட்டி உட்கார்ந்து, முதல்வர் சாவி கொடுக்கும்போது எந்தச் சட்டை போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உச்சிவெயில் நேரத்துக்கு முதல் சுற்று முடிந்தது. ஒரு தப்பும் இல்லை. யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிரிண்டர்தான் பக்கத்தில் இருந்தது.

இரண்டாம் சுற்றைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. டிஸ்க்கில் இடம் இல்லை.

இங்கேதான் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். ஆயுத பூஜை என்றால் என்ன? பழசைக் கழிப்பது, சுத்தம் செய்வது. நேற்று வயரையெல்லாம் துடைத்தோம், டிஸ்க்கைத் துடைத்தோமா? புதியவர்தான் வந்துவிட்டாரே, பழையவருக்கு இனி என்ன வேலை? பழைய கம்பைலர் குடியிருந்த டைரக்டரியை ஒரே வரியில் மொத்தமாக அழித்தேன். போகிக்குப் பழைய பாய் கொளுத்துகிற சந்தோஷம். இடம் கிடைத்தது. மறுபடி தொடங்கினேன்.

ஒரு வரிகூட நகரவில்லை. அசெம்பிளரைக் காணோம் என்றது.

விஷயம் என்னவென்றால், புதியவருக்கு ஒரு வேலைதான் தெரியும், மொழியை மாற்றுவது. மாற்றியதை மெஷின் எண்களாக்கும் அசெம்பிளரும், துண்டுகளை ஒட்டி முழுப் புரோகிராமாக ஆக்கும் லிங்கரும் பழையவரிடமிருந்து அவர் இரவல் வாங்கிக்கொண்டிருந்தவை. அவை இருந்ததும் அதே டைரக்டரியில். கடைக்கு நல்ல மாஸ்டரைக் கூட்டி வந்துவிட்டு, அடுப்பையும் சட்டியையும் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்கிறேன். இனி இந்த மெஷினில் புது ஆளும் ஓட முடியாது, பழைய ஆளும் இல்லை. பிராக்டிகல் தேர்வுக்கு வருகிறவர் ஒரு மாணவனின் ஒரு வரியைக்கூட ஓட்டிப் பார்க்க முடியாது.

ஏசி அறையில் எனக்கு வியர்த்தது. அதுவும் சாதாரண வியர்வை இல்லை, பனியன் பிழிகிற வியர்வை. பேக்கப் டேப் ஞாபகம் வந்தபோதுதான் மூச்சு வந்தது. பூஜைத் தட்டிலிருந்து அதை எடுத்துப் பார்த்ததும் வந்த மூச்சு அப்படியே நின்றது. சந்தனம் ஓடு மாதிரி இறுகியிருந்தது. சுரண்டினேன். கர்ச்சீப்பால் துடைத்தேன். மூடியைத் திறந்து ஊதினேன். உள்ளிருந்து குங்குமம் பறந்து என் கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு டேப்பை டிரைவில் விட்டேன். இழுத்தது, பல்லி மாதிரி மூன்று முறை கத்தியது, படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

இடி விழுந்ததாகச் சொல்லலாமா என்று பார்த்தேன். வெளியே பளீரென்று வெயில். எலி? எலி எப்படி ஒரு டைரக்டரியை மட்டும் தின்னும்? ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதினேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்பதோடு மேலே ஓடவில்லை. இதெல்லாம் முடிந்து கடைசியில்தான், பார்க்கவே கூடாத அந்த ஒருவரைப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று உறைத்தது.

தருமபுரி பஸ்ஸுக்கு முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது, கண்ணாடி முழுக்கச் சந்தனம். அந்தப் பொட்டுகளைப் பார்க்காமல் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே அவர் லுங்கியும் பனியனுமாகக் கீழே உட்கார்ந்து, ஒரு தையல் மெஷினின் அடிப்பாகத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். லுங்கியில்கூட அந்த ஆள் பார்க்க நன்றாக இருந்தார். என் முகத்தைப் பார்த்தார், சிவந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தார்.

"வாங்க சார். டேப்பு ஓடலீங்களா?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கையில் இருந்ததைக் காட்டினார். நூல் சுற்றும் பாபின் உட்காருகிற சின்னக் கிண்ணம். உள்ளே செக்கச்செவேலென்று எண்ணெயும் குங்குமமும் கலந்த சேறு.

"இது ஒரு டெய்லருது. நேத்து பூசை போட்டிருக்காரு. நாளைக்கு, நாளன்னிக்கு பாருங்க, வரிசையா வருவாங்க. சாமி மேல பக்தி சாஸ்தியா இருக்கறவங்க மெஷினுதான் மொதல்ல நிக்கும். சின்ன வயசுல இருந்து கழுவறேனுங்க சார், எனக்குத் தெரியாதா?"

"அப்ப நேத்தே என்னைக் கையப் புடிச்சுத் தடுத்திருக்கலாமில்ல?"

"தடுத்தா இன்னும் ரெண்டு பொட்டு வெப்பீங்க."

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஊசிப் பெட்டிகள் இருந்த அலமாரியைத் திறந்தார். பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்ட ஒரு டேப். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலமே இன்னொரு நகல் எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வருடா வருடம் இதுதான் வழக்கமாம். நான் வருடா வருடம் டேப்புக்குப் பொட்டு வைத்திருக்கிறேன், அவர் வருடா வருடம் லீவு முடிந்து வந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வைத்திருக்கிறார். ஒருநாளும் மூச்சு விட்டதில்லை.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். ஒரு மனிதன் இந்த அளவுக்குச் சரியாக இருக்கலாமா?

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் டேப்பிலிருந்து பழையவரை மீட்டெடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறகு, டிஸ்க்கில் இடம் எங்கே போனது என்று தேடினார். விரல்கள் கீபோர்டில் ஓடின, நின்றன.

"இந்த டைரக்டரி யாருதுங்க சார்? இவ்ளோ பெருசா இருக்குது?"

நான் ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அவரைவிட ஒரு விஷயத்திலாவது எனக்குப் பேர் இருக்கட்டும் என்று, கல்லூரி ஊழியர்கள், அவர்கள் பிள்ளைகள், சம்பந்தி வகையறா என்று எல்லோருடைய கட்டத்தையும் போட்டுச் சேர்த்து வைத்திருந்தேன். புது கம்பைலருக்கு இடம் விடாமல் படுத்திருந்தது அந்தக் கிரகங்கள்தான். என்னுடையது என்று முனகினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாக் கட்டங்களையும் ஒரு டேப்பில் ஏற்றி, லேபிள் எழுதி, என் கையில் கொடுத்துவிட்டு டிஸ்க்கிலிருந்து எடுத்தார். லேபிளிலும் முத்து முத்தான எழுத்து.

இரண்டாம் சுற்றைத் தொடங்கி ஓடவிட்டு, பொழுது இறங்கும்போது பூட்டிக்கொண்டு கிளம்பினோம். விஜயதசமி காலையில் வந்து பார்த்தால் முடிந்திருந்தது. மூன்றாம் சுற்றுக்கு மத்தியானம் ஆனது. இரண்டையும் ஒப்பிடும் கட்டளையை என்னைத் தட்டச் சொன்னார். இரண்டு விரலால் தட்டினேன். திரை ஒன்றும் காட்டவில்லை. ஒரு எழுத்தும் இல்லை, வெறும் கர்சர் மட்டும் சிமிட்டியது. போச்சு, மறுபடி எதையோ அழித்துவிட்டேன் என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"உக்காருங்க சார். வித்தியாசம் இருந்தாத்தான் அது பேசும். ஒண்ணும் சொல்லலன்னா ரெண்டும் ஒண்ணுன்னு அர்த்தம்."

அப்புறம் அவர் கதவருகே போய் நோட்டை எடுத்தார். என்ன எழுதுவார் என்று தெரியும்: இன்ன தேதி, இன்னார், பழைய கம்பைலரை அழித்தார். முதல்வர் அதை வாரா வாரம் படிப்பவர். இவர் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். எட்டிப் பார்த்தேன். 'புது கம்பைலர் மூன்று சுற்றும் முடித்து ஏற்றப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்ததில் சரி.' அவ்வளவுதான். கீழே கையெழுத்துக்கு ஒரே ஒரு இடம் விட்டிருந்தார்.

"நீங்க போடுங்க சார். நீங்கதான மொதல்ல தொடங்குனீங்க."

நான் அழித்ததை எழுதவில்லையே என்றேன். அதற்குக் கையெழுத்து எதற்கு, அது திரும்ப வந்துவிட்டதே என்றார். போட்டேன். அந்த நோட்டில் ரிப்பனுக்காக இல்லாமல் நான் போட்ட முதல் கையெழுத்து.

தேர்வு நடந்தது. எல்லா மாணவர்களின் புரோகிராமும் ஓடியது. மறுநாள் முதல்வர் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, சாவியைக் கொடுத்தார். 'நீங்களும் வாங்க' இல்லை, என்னை மட்டும் கூப்பிட்டார். அன்றைக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தேன். வராந்தாவில் கிணிங் கிணிங் என்று நடந்து வந்தேன். இரண்டு பையன்கள் பட்டனைச் சரிசெய்தார்கள். சத்தியமாகச் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் மணி ஐந்து. ஒரு டெர்மினல் வேலை செய்யவில்லை என்று ஒருவன், பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது என்று இன்னொருவன், ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வாட்ச்மேன், எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் போனபின் பூட்டிவிட்டுத்தான் நான் போக முடியும், கடத்தூர் பஸ்ஸோ ஐந்தரைக்கு. அப்போது அவர் லேப் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பெல்ட்டில் ஒன்றும் இல்லை. நான் வெளியே வந்து, ஏன் சார் உங்கள் கையெழுத்தைப் போடவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா பிரின்சிபாலுகிட்ட கேட்டுட்டிருந்தேனுங்க சார், இந்தச் சாவிய வேற யாருகிட்டயாவது குடுங்கன்னு. அஞ்சு மணிக்கு வூட்டுக்குப் போனா கடையில அண்ணனுக்கு ஒரு கை ஆவும், புள்ளைங்களோட உக்காந்து சாயந்தர நாஷ்டா துண்ணலாம். இன்னொருத்தரு செஞ்சு காட்டட்டும், அப்பறம் பாக்கலாம்னாரு. அதான்."

அதான் முதல்வர் அன்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதான் இவர் குனிந்துகொண்டார். "அப்ப நான் ரெண்டு நாள் செத்துப் பொழச்சது?" என்றேன்.

"அது உங்க சொந்த ஏற்பாடுங்க சார். நான் லீவு முடிஞ்சு ஏத்தலாம்னுதான சொன்னேன்?"

ஸ்கூட்டரை உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது. உள்ளிருந்து, பிரிண்டர் புகைகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் நகராமல் நின்றேன். சாலைத் திருப்பத்தில், சாவி இல்லாத வெறும் இடுப்போடு, ஐந்து மணி வெயிலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.